பரப்பில் கால் பங்கு

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், 1970களின் தொடக்கம். பேராசிரியர் ஜான் வீலர் தன் ஆய்வு மாணவர் ஜேக்கப் பெக்கென்ஸ்டைனிடம் ஒரு குற்ற உணர்ச்சியைப் பகிர்ந்துகொள்கிறார். சூடான தேநீர்க் கோப்பையை ஆறிப்போன ஒன்றின் பக்கத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே வெதுவெதுப்புக்கு வந்துவிடும். பிரபஞ்சத்தின் என்ட்ரோபி சற்றே கூடிவிடும். யாராலும் சரிசெய்ய முடியாத குற்றம். ஆனால் அந்தப் பக்கமாக ஒரு கருந்துளை வந்தால் இரண்டு கோப்பைகளையும் அதற்குள் போட்டுவிடலாமே? தடயம் அழிந்துவிடும் அல்லவா?

விளையாட்டாகக் கேட்டது மாதிரி இருந்தாலும் வம்பான கேள்வி இது. அன்றைக்குத் தெரிந்த இயற்பியல்படி ஒரு கருந்துளையை வெளியிலிருந்து விவரிக்க நிறை, மின்னூட்டம், சுழற்சி என்று மூன்று எண்கள் போதும். உள்ளே போனது தேநீரா, நட்சத்திரமா, ஒரு நூலகமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியானால் என்ட்ரோபி குறையவே குறையாது என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்குக் கருந்துளை ஒரு ஓட்டை. பெக்கென்ஸ்டைன் சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். குற்றம் மறையவில்லை, கருந்துளைக்கே என்ட்ரோபி இருக்கிறது, அது அதன் மேற்பரப்பில் பதிவாகிறது என்றார். வீலர் அதைக் கிறுக்குத்தனமான யோசனை என்றார். அவ்வளவு கிறுக்குத்தனமாக இருப்பதால் சரியாகவும் இருக்கலாம் என்று தட்டிக்கொடுத்தார்.

1973இல் பெக்கென்ஸ்டைன் எழுதிய கட்டுரை தகவல் கோட்பாட்டைத் துணைக்கு அழைத்தது. 1948இல் பெல் ஆய்வகத்தில் கிளாட் ஷானன், தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு செய்தி அனுப்ப முடியும் என்று கணக்குப் போட உருவாக்கிய கோட்பாடு அது. ஒரு விஷயத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள எத்தனை ஆம்/இல்லை கேள்விகள் கேட்க வேண்டுமோ அத்தனை பிட் தகவல் அதில் இருக்கிறது. என்ட்ரோபி என்பது நம் கையில் இல்லாத தகவலின் அளவு.

ஒரே ஒரு துகள் கருந்துளைக்குள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சம் எவ்வளவு தகவல் நம்மை விட்டுப் போகிறது? அந்தத் துகள் இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்விக்கான விடை. ஒரு பிட். அந்தத் துகள் கருந்துளையின் பரப்பைக் குறைந்தபட்சம் எவ்வளவு கூட்டும்? துகளை எவ்வளவு வேண்டுமானாலும் சின்னதாக்கக் குவாண்டம் இயற்பியல் விடாது. ஆகவே பரப்பு கூடுவதற்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் அந்த எல்லை கருந்துளையின் அளவைச் சார்ந்ததே அல்ல. பெரிய கருந்துளையோ சின்னதோ, ஒரு பிட்டுக்கு இவ்வளவு பரப்பு என்று ஒரே விலைதான். ஆகவே என்ட்ரோபி பரப்புக்கு நேர் விகிதம். அந்த விகித எண் மட்டும் அவருக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. பிறகு தெரிய வந்த மதிப்பைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு குறைவாக வந்தது. தன் எண்ணைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வயதுக்காரரின் அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பரப்பு என்பதில் இருக்கும் விசித்திரத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு சர்வர் அறையில் எத்தனை ஹார்ட் டிஸ்க் வைக்கலாம் என்பது அறையின் கொள்ளளவைப் பொறுத்தது. சுவருக்கு அடித்த பெயிண்டைப் பொறுத்து அல்ல. ஆனால் டிஸ்க்குகளை அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அறை தன் எடையாலேயே கருந்துளையாகச் சுருண்டுவிடும். அதற்கு மேல் கணக்கு சுவரின் பரப்பில்தான் நடக்கும். பின்னாளில் ஜெரார்ட் ட ஹூஃப்ட்டும் லெனார்ட் சஸ்கிண்டும் முன்வைத்த ஹோலோகிராம் கருத்தின் விதை இதுதான்.

இதை அதிகமாக எதிர்த்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். கருந்துளையின் பரப்பு குறையாது என்ற தேற்றமே அவருடையது. அதை இந்தப் பையன் தவறாகப் பயன்படுத்துகிறான் என்று எரிச்சல். அவருடைய தர்க்கத்திலும் நியாயம் இருந்தது. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் அது கதிர்வீச வேண்டும், கருந்துளையிலிருந்து எதுவும் வெளியே வராது. ஆகவே என்ட்ரோபி கிடையாது. பிறகு கருந்துளையின் விளிம்புக்கு அருகே குவாண்டம் புலங்கள் என்ன செய்யும் என்று அவரே கணக்குப் போட்டார். கருந்துளை கதிர்வீசியது. 1974இல் வெளியான அந்த முடிவு பெக்கென்ஸ்டைன் சொன்னதை உறுதிசெய்ததோடு அவருக்குக் கிடைக்காத எண்ணையும் கொடுத்தது. நிகழ்வெல்லையின் பரப்பை பிளாங்க் அலகில் அளந்து நான்கால் வகுத்தால் என்ட்ரோபி. கால் பங்கு.

சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் 10⁷⁷ வருகிறது. இப்போதைய சூரியனின் என்ட்ரோபி சுமார் 10⁵⁸தான். வெறும் 3 கிலோமீட்டர் ஆரமுள்ள, மூன்றே எண்களால் விவரித்து முடித்துவிடக்கூடிய ஒரு பொருளுக்குள் இத்தனை வேறுபட்ட நிலைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன? அந்தக் கால் பங்கு எதை எண்ணுகிறது?

இந்த ஒரு எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், குவாண்டம் ஈர்ப்பு என்ற துறைக்குச் சோதனைச்சாலை கிடையாது. அந்தச் சங்கடத்தை முதலில் தெளிவாகப் பார்த்தவர் லெனின்கிராடில் இருந்த மத்வேய் பிரான்ஸ்டைன். 1936இல் அவர் எழுதியதன் சாரம் இது: ஈர்ப்புப் புலத்தை மிகச் சிறிய இடத்தில் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் அளக்கும் பொருளும் சிறியதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் கனமான பொருளைச் சின்ன இடத்தில் அடைக்கச் சார்பியல் விடாது. மின்காந்தத்துக்குச் செய்த அதே வித்தையை ஈர்ப்புக்குச் செய்ய முடியாது, வெளி, காலம் என்கிற கருத்துகளையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அடுத்த ஆண்டே ஸ்டாலினின் போலீஸ் அவரைக் கைதுசெய்தது. 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 31. கடிதத் தொடர்புக்கு அனுமதியில்லாத பத்தாண்டுச் சிறை என்று மனைவி லிதியா சுகோவ்ஸ்கயாவிடம் பொய் சொல்லி அனுப்பினார்கள். உலகம் அந்தக் கேள்விக்குத் திரும்பி வர வெகுகாலம் ஆனது.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. குவாண்டம் ஈர்ப்பு நேரடியாகத் தலைகாட்டும் ஆற்றல், ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுகருவி எட்டுவதைவிடச் சுமார் 10¹⁵ மடங்கு அதிகம். ஹாக்கிங் கதிர்வீச்சையும் அளக்க வழியில்லை. சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பம் ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிப்பட்ட துறையில் ஒரு கோட்பாட்டை எப்படிச் சோதிப்பது? கால் பங்கு வருகிறதா பார், வராவிட்டால் உன் கோட்பாடு தப்பு. ஒரு தலைமுறைக்கு இதுதான் நுழைவுத் தேர்வு.

1976இல் ஹாக்கிங் இன்னொரு குண்டு போட்டார். கருந்துளை கதிர்வீசிக் கதிர்வீசிக் கடைசியில் காணாமல் போகும். வெளிவந்த கதிர்வீச்சு வெறும் வெப்பம். உள்ளே என்ன போனது என்பதற்கான சுவடு அதில் இல்லை. ஆகவே தகவல் அழிகிறது.

இதில் என்ன பெரிய விஷயம், தினமும்தான் ஆயிரம் தகவல் அழிகிறது என்று தோன்றலாம். அப்படி இல்லை. கணினியில் ஒரு ஃபைலை அழித்தால் பெரும்பாலும் அட்டவணையில் அதன் பெயர்தான் போகிறது, டிஸ்கில் எழுதியது அப்படியே கிடக்கும். மேலே வேறொன்றை எழுதி ஒழித்துக்கட்டினாலும் பழைய பிட் வெப்பமாக மாறிச் சூழலுக்குள் போகிறது. ஐபிஎம்மில் இருந்த ரோல்ஃப் லாண்டவர் 1961இல் அதற்கான குறைந்தபட்ச வெப்பத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். புத்தகத்தை எரித்தால்கூடப் புகை, சாம்பல், ஒளி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அளந்தால் எழுத்துகளைக் கொள்கையளவில் மீட்கலாம். குவாண்டம் இயற்பியலின் சமன்பாடுகளில் உண்மையான அழிப்பு என்ற கட்டளையே கிடையாது. இன்றைய நிலை தெரிந்தால் நேற்றைய நிலையைச் சொல்லிவிடலாம். ஹாக்கிங் சொன்னது சரி என்றால் அந்த அஸ்திவாரம் போய்விடும்.

1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில், தன்முன்னேற்றக் குருவாகப் பெரும் பணம் சேர்த்த வெர்னர் எர்ஹார்டின் வீட்டு மாடியில் ஹாக்கிங் இதைப் பேசினார். ட ஹூஃப்ட்டும் சஸ்கிண்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாக்கிங் தப்பு என்று இருவருக்கும் உறுதியாகத் தோன்றியது, எங்கே தப்பு என்று சொல்ல முடியவில்லை. சஸ்கிண்ட் பின்னாளில் இதை ஒரு போராகவே வர்ணித்துப் புத்தகம் எழுதினார். எனக்கு அந்தப் போர் உருவகம் கொஞ்சம் மிகை. இரண்டு பக்கமும் ஒரே சமன்பாட்டை நம்பியவர்கள்தான்.

நுழைவுத் தேர்வை முதலில் எழுதி முடித்தது இழைக் கோட்பாடு. 1996இல் ஆண்ட்ரூ ஸ்ட்ரோமிங்கரும் கும்ருன் வாஃபாவும் ஒரு வகைக் கருந்துளையை இழைகளாலும் அவற்றின் முனைகள் ஒட்டும் சவ்வுகளாலும் கட்டி, அதை எத்தனை விதமாகக் கட்டலாம் என்று எண்ணினார்கள். சரியாகக் கால் பங்கு. எதையும் திருகி வைக்காமல், தானாக. ஆனால் அந்தக் கருந்துளை ஐந்து பரிமாணக் காலவெளியில் இருந்தது. மீச்சமச்சீர் என்கிற, இயற்கையில் இதுவரை காணாத ஒரு ஒழுங்கும் அதற்குத் தேவைப்பட்டது. அதன் வெப்பநிலை சுழியம், அது ஆவியாகவே ஆகாது. பிரமாதமான விடைதான், வேறொரு ஊர்க் கருந்துளைக்கு.

லூப் குவாண்டம் ஈர்ப்புக்காரர்கள் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். 1986இல் அபய் அஷ்டேகர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் எழுதிக் காட்டினார். கார்லோ ரொவெல்லி, லீ ஸ்மோலின் ஆகியோர் அதன் மேல் கட்டியதில் பரப்பளவே பொடிப்பொடித் துண்டுகளாக வந்தது. இவர்களுக்குக் கூடுதல் பரிமாணம் வேண்டாம், நம் வானத்தில் இருக்கும் சாதாரணக் கருந்துளையையே எடுத்துக்கொள்ளலாம். நிகழ்வெல்லையை எத்தனை விதத்தில் துண்டுகளால் நிரப்பலாம் என்று எண்ணினால் என்ட்ரோபி பரப்புக்கு விகிதமாக வந்தது. கால் பங்கு மட்டும் தானாக வரவில்லை. கோட்பாட்டில் இம்மிர்சி எண் என்று ஒரு குமிழ் இருக்கிறது, அதைத் திருகி வைத்தால்தான் வரும். 1998இல் அஷ்டேகரும் கூட்டாளிகளும் அதைச் சுமார் 0.13 என்று வைத்தார்கள். 2004இல் போலந்துக்காரர்கள் அந்த எண்ணிக்கையில் விடுபட்ட நிலைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குமிழ் சுமார் 0.24க்கு நகர்ந்தது. விடை அதே கால் பங்கு. விடைத்தாளைப் பார்த்து வழிமுறையைத் திருத்துவது என்று யாராவது இதைச் சொன்னால் கோபப்பட முடியாது. அதே சமயம், நிஜமான கருந்துளையைத் தொட்டுப் பார்த்தது இவர்கள்தான் என்பதையும் மறுக்க முடியாது.

ஆக இரண்டு பேரும் பாஸ். தேர்வு போதுமான அளவு கஷ்டமாக இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். அடுத்த கேள்வி சென்னை தரமணியில் தயாரானது. கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும், கால் பங்குக்கு அடுத்த சிறு திருத்தம் என்ன என்று லூப் முறையில் கணக்கிட்டார்கள். பில்லில் ரூபாய் சரியாக இருக்கிறது, பைசாவைப் பார்ப்போம் என்பது போல. பரப்பின் மடக்கையைப் பொறுத்த ஒரு எண் கிடைத்தது, 2000இல் வெளியானது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அலகாபாத்தில் அசோக் சென் அதே பைசாவை வேறு வழியில் கணக்கிட்டார். அவருடைய முறை உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்றே கேட்காது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பை மட்டும் வைத்து, எந்தக் கோட்பாடாக இருந்தாலும் கடைசியில் இந்த எண் வர வேண்டும் என்று சொல்லும். இழைக் கோட்பாட்டின் சிறப்புக் கருந்துளைகளுக்கு அது ஏற்கெனவே கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சாதாரணக் கருந்துளைக்குப் போட்டுப் பார்த்ததில் லூப் எண்ணோடு பொருந்துவதாகத் தெரியவில்லை என்று 2012இல் எழுதினார். ஆர்ப்பாட்டமில்லாத ஒரு வாக்கியம். இந்த இரண்டு முகாம்களின் நீண்ட சண்டையில் எண்ணுக்கு எண் வைத்துப் பேசிய அபூர்வமான தருணங்களில் ஒன்று அது. கால் பங்கு எதை எண்ணுகிறது என்பதில் இரண்டு முகாமும் வேறு வேறு பொருளை மனதில் வைத்திருக்கின்றன என்பதும் இங்கேதான் வெளிப்பட ஆரம்பிக்கிறது.

இதற்கிடையே ஹாக்கிங்கின் கட்சி தளர்ந்துகொண்டிருந்தது. 1997இல் ஹுவான் மல்தசேனா, பெட்டிக்குள் அடைத்தது போன்ற ஒரு வகைப் பிரபஞ்சத்தில் உள்ளே நடக்கும் ஈர்ப்பும், அதன் விளிம்பில் நடக்கும் ஈர்ப்பே இல்லாத குவாண்டம் கோட்பாடும் ஒன்றுதான் என்று வாதிட்டார். விளிம்பில் தகவல் அழியாது. ஆகவே உள்ளேயும் அழியாது. அதே ஆண்டு ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒரு பக்கம், ஜான் பிரெஸ்கில் மறுபக்கம் என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு அவர் விரும்பும் ஒரு கலைக்களஞ்சியம் வாங்கித் தர வேண்டும். 2004இல் டப்ளினில் நடந்த மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிரெஸ்கில் கேட்டது பேஸ்பால் கலைக்களஞ்சியம். இங்கிலாந்தில் கிடைக்கவில்லை, கிரிக்கெட் கலைக்களஞ்சியம் தருகிறேன் என்று ஹாக்கிங் கேட்டுப் பார்த்திருக்கிறார், மனிதர் மசியவில்லை. தோர்ன் தோல்வியை ஏற்கவில்லை. அவர் பக்கம் நியாயம் உண்டு, ஏனென்றால் ஹாக்கிங் மனம் மாறினாரே தவிர, தன் பழைய கணக்கில் எந்த வரி தப்பு என்று காட்டவில்லை.

எந்த வரி என்று தேடுவதற்கான அளவுகோலைக் கொடுத்தவர் ஹாக்கிங்கோடு முன்பு வேலை செய்த டான் பேஜ். 1993இல் அவர் சுத்தமான தகவல் கோட்பாட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டார். தகவல் அழியாது என்றால் கதிர்வீச்சின் என்ட்ரோபி முதலில் ஏறும், கருந்துளை ஏறத்தாழ பாதி வழி கரைந்ததும் இறங்க ஆரம்பிக்கும், கடைசியில் சுழியத்தைத் தொடும். ஹாக்கிங்கின் கணக்கோ ஏறிக்கொண்டே போகும். பேஜ் வளைவு என்று பெயர் பெற்றுவிட்ட அந்தக் கோடு, கால் பங்குக்குப் பிறகு வந்த இரண்டாவது தேர்வு. அதன் கொடுமை எங்கே என்றால், வளைவு திரும்பும் நேரத்தில் கருந்துளை இன்னும் பிரமாண்டமாகத்தான் இருக்கும். குவாண்டம் ஈர்ப்பின் மர்மம் எல்லாம் கடைசி நொடியில் பார்த்துக்கொள்ளும் என்று தப்பிக்க முடியாது. 2012இல் அல்மேரி, மரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி நால்வரும் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒரு குவாண்டம் துகள் இரண்டு பேரோடு ஒரே நேரத்தில் முழுதாகப் பின்னிக்கொள்ள முடியாது. வெளியே வரும் துகள் தகவலைச் சுமக்க வேண்டுமென்றால் பழைய கதிர்வீச்சோடு பின்ன வேண்டும். நிகழ்வெல்லை சாதாரண வெற்றிடமாக இருக்க வேண்டுமென்றால் உள்ளே போன தன் ஜோடியோடு பின்ன வேண்டும். இரண்டும் நடக்காது. ஒன்று தகவல் போகும், அல்லது நிகழ்வெல்லையில் நெருப்புச் சுவர் எழும்.

2019 மே மாதம் இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று ஜெஃப் பெனிங்டன் தனியாக எழுதியது, இன்னொன்று அல்மேரியும் மூன்று பேரும் சேர்ந்து எழுதியது. கதிர்வீச்சின் என்ட்ரோபியைக் கணக்கிடும்போது, ஒரு கட்டத்துக்கு மேல் கருந்துளையின் உட்பகுதியில் ஒரு துண்டையும் கதிர்வீச்சின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். தீவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சேர்த்தால் வளைவு இறங்குகிறது. ஹாக்கிங்கின் கணக்கில் விடுபட்டிருந்த வரி இது. தரவைச் சேமிக்கும்போது ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றவற்றிலிருந்து மீட்பதற்காக விரித்து எழுதுகிறோமே, அதன் குவாண்டம் வடிவமான பிழைதிருத்தக் குறியீடுதான் இந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கிறது. இழையா லூப்பா என்று எந்த முகாமின் நுண்விவரமும் இந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை. ஆனால் தகவல் எந்த வழியாக வெளியேறுகிறது என்றும் அது சொல்லவில்லை.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ரொவெல்லிக்கு பேஜ் வளைவின் அடிப்படையிலேயே சந்தேகம். கால் பங்கு எண்ணுவது வெளியிலிருந்து வேறுபடுத்தக்கூடிய நிலைகளை மட்டுமே, உள்ளே அதைவிட அதிகம் இருக்கலாம், ஆகவே வளைவு பாதியிலேயே இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவர் வாதம். கருந்துளை கடைசியில் வெண்துளையாக மாறி நிதானமாகத் தகவலைக் கக்கும் என்கிறது அவர் தரப்பு.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்து வந்தது. சிறுசேரி ஐடி பூங்காவில் தினமும் பேட்ஜ் தட்டி உள்ளே போகிற பல ஆயிரம் பேரில் நிறைய பேருக்கு, அதே வளாகத்தில் சென்னை கணிதவியல் கழகம் இருப்பது தெரிந்திருக்காது. அங்கே இருக்கும் அலோக் லத்தா, பெங்களூரின் சுவ்ரத் ராஜூ உள்ளிட்ட நால்வர் 2020இல் எழுதிய ஆய்வு வேறு மாதிரி போகிறது. ஈர்ப்பைத் திரையிட்டு மறைக்க முடியாது. எந்தப் பொருளின் நிறையும் தொலைவில் உள்ள ஈர்ப்புப் புலத்தில் பதிவாகும். குவாண்டம் ஈர்ப்பில் இந்தப் பதிவு நிறையோடு நிற்பதில்லை, உள்ளே இருப்பதன் முழு விவரமும் வெகு தூர விளிம்பில் கொள்கையளவில் எப்போதும் இருக்கிறது என்று அவர்கள் காட்ட முனைகிறார்கள். அப்படியானால் தகவல் உள்ளே போய்ப் பிறகு வெளியே வரவில்லை, வெளியே இல்லாமல் இருந்ததே இல்லை. தீவுக் கணக்குகள் கதிர்வீச்சைச் சேமிக்கும் தொட்டியில் ஈர்ப்பை அணைத்து வைத்துவிட்டுத்தான் வளைவை வரைந்தன, நிஜத்தில் அந்த சுவிட்ச் யார் கையிலும் இல்லை என்று ராஜூ தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார். தீவுக்காரர்கள் அதை ஒரு வசதிக்கான ஏற்பாடாகத்தான் பார்க்கிறார்கள். வளைவு சரியா தப்பா என்று ஆரம்பித்த பேச்சு, ஈர்ப்பு உள்ள உலகத்தில் உள்ளே, வெளியே என்று இரண்டாகப் பிரித்து எண்ண முடியுமா என்பதில் வந்து நிற்கிறது.